வேலூர்க் காற்றில் கரித்துகள்: கரும்புகையோடு வெண்புகையையும் படிப்பது

விறகோ டீசலோ கரும்புச் சக்கையோ முழுமையாக எரியாதபோது பிறக்கும் கரித்துகள், காற்றில் சில நாட்கள், மிஞ்சினால் ஒன்றிரண்டு வாரங்கள் மட்டுமே தங்குகிறது. அதே டீசல் எஞ்சினிலிருந்து அதே நொடியில் வெளியேறும் கார்பன் டை ஆக்சைடில் ஒரு கணிசமான பங்கு, பல நூற்றாண்டுகள் கழித்தும் வளிமண்டலத்தில் இருக்கும். இந்த வேறுபாடுதான் என்னைக் கரித்துகள் ஆய்வின் பக்கம் இழுத்தது. உலகின் எந்த மூலையில் வெளிவிட்டாலும் கார்பன் டை ஆக்சைடு எல்லோருக்கும் பொதுவாகிவிடுகிறது. கரித்துகளோ எங்கே எரித்தார்களோ அந்த வட்டாரத்துக்கும், அங்கிருந்து காற்று போகும் வழியில் உள்ள வட்டாரங்களுக்கும் உரியதாகவே பிறந்து முடிந்துபோகிறது. ஆகவே வேலூரைப் போன்ற நடுத்தர நகரத்தில் உட்கார்ந்து, இங்கே எதை, எந்த நேரத்தில், எப்படி எரிக்கிறோம் என்று கணக்கெடுப்பதை ஒரு சிறு ஊரின் சில்லறைக் கணக்காக நான் நினைப்பதில்லை. பருவநிலைக் கணக்கில் மிகப் பெரிய ஐயங்கள் உள்ள பகுதிகளில் இதுவும் ஒன்று. அந்த ஐயங்களைக் குறைப்பதற்கு இத்தகைய ஊர்க்கணக்குகள் வேண்டும்.

நான் இங்கே ஒரு கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன்; அதோடு பகுதி நேரமாகக் காற்றுத்துகள்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன். இத்துறையில் கற்றவற்றில் ஒன்றை மட்டும் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன். கரித்துகள் ஒருபோதும் தனியாக வருவதில்லை. எந்தப் புகையோடு, எவற்றைக் கூட்டிக்கொண்டு அது மேலே ஏறுகிறது என்பதைப் பார்க்காமல் ‘கரி சூடாக்கும்’ என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், நாம் பாதிப் புகையைத்தான் பார்த்திருக்கிறோம்.

முதலில் கரித்துகள் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்கலாம். சுடரின் உட்பகுதியில் வெப்பம் மிகுந்தும் ஆக்சிஜன் குறைந்தும் இருக்கும் இடத்தில் எரிபொருளின் மூலக்கூறுகள் உடைந்து, வளைய வடிவக் கரிமச் சேர்மங்களாகக் கூடி வளர்ந்து, ஏறத்தாழ 20 முதல் 50 நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைகளாகின்றன. இந்த உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிளைவிட்ட சங்கிலிகளாகின்றன. குத்துவிளக்கின் சுடர் மஞ்சளாகத் தெரிவதற்கே அதனுள் கனன்று ஒளிரும் இந்தத் துகள்கள்தான் காரணம். சுடரின் விளிம்பை அடையும்போது போதிய வெப்பமும் காற்றும் கிடைத்தால் அவற்றில் பெரும்பகுதி அங்கேயே எரிந்து தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் கரும்புகையாக வெளியேறும். நீரில் கரையாத, சாதாரண வெப்பத்தில் ஆவியாகாத, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் எல்லா நிறங்களையும் உறிஞ்சும் பொருள் அது. புதிதாகப் பிறந்த கரித்துகள் ஒரு கிராம், பச்சை நிற ஒளியில், ஏறத்தாழ 7.5 சதுர மீட்டர் பரப்பில் விழும் வெளிச்சத்தை விழுங்கும் திறனுடையது. ஒரு சிறிய அறையின் தரைப்பரப்பை ஒரே ஒரு கிராம் பொருள் மறைத்துவிடுகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், எடையில் இவ்வளவு குறைவான ஒன்றைப் பருவநிலை ஆய்வாளர்கள் ஏன் விடாமல் துரத்துகிறார்கள் என்பது விளங்கும்.

இனி நம் பக்கத்துப் புகை. அணைக்கட்டு, பள்ளிகொண்டா பக்கங்களில் பொங்கலுக்கு முந்தைய வாரங்களில் வெல்லம் காய்ச்சும் ஆலைகள் இடைவிடாமல் இயங்கும். கரும்பைப் பிழிந்த சாறு கொப்பரையில் கொதிக்க, பிழிந்த சக்கை வெயிலில் காய்ந்து அதே அடுப்புக்கு விறகாகிறது. அடுப்பின் வாயருகே உட்கார்ந்திருப்பவர் ஒரு கோலால் சக்கையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறார். எதிர்ப்புறத்தில் செங்கல்லால் கட்டிய புகைபோக்கி நிற்கிறது. சிறிது நேரம் கவனித்தாலே ஓர் ஒழுங்கு புலப்படும். ஒரு பெரிய கத்தை உள்ளே போனதும் அது காற்றை அடைத்துக்கொள்கிறது. புகைபோக்கியின் வாயில் சில நொடிகள் அடர்ந்த கரும்புகை எழுகிறது. கத்தை பற்றிக்கொண்டதும் கருமை விலகி, வெப்பத்தால் நடுங்கும் காற்று மட்டுமே மேலே தெரிகிறது. சிறு சிறு கத்தைகளாகப் போட்டால் கருமை அவ்வளவாக வருவதில்லை. முந்தின நாள் மழையோ பனியோ பட்ட சக்கையாக இருந்தால் கதை முற்றிலும் வேறு: சுடர் எழாமல் கனன்று, பால் போல வெளுத்த புகை, மேலே போக மனமில்லாததுபோலத் தாழ்ந்து கரும்புத் தோட்டத்தின் மேல் படர்கிறது. தீ போட்டுக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், “காஞ்ச சக்கன்னா புகையே தெரியாது சார், ஈரம் பட்டுச்சுன்னா கண்ணத் தொறக்க முடியாது” என்றார். பாகு பதம் வரும் நேரத்தில் தீ எப்படி இருக்க வேண்டும் என்பதை அவர் புகையின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்.

அந்தப் பெரியவர் பிரித்துச் சொன்ன இரண்டு புகைகளுக்கும் பருவநிலையில் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. கரும்புகை சூரிய ஒளியை உறிஞ்சித் தன்னைச் சுற்றியுள்ள காற்றைச் சூடாக்குகிறது. வெண்புகையில் கரித்துகள் மிகக் குறைவு. அதில் இருப்பவை எரியாமல் ஆவியாகி மீண்டும் குளிர்ந்து துளியான கரிமச் சேர்மங்களும் நீரும். அவை ஒளியைப் பெரும்பாலும் சிதறடித்து, ஒரு பகுதியை விண்வெளிக்கே திருப்பி அனுப்பி, பூமியைக் குளிர்விக்கின்றன. மேகத்துளிகள் உருவாக விதையாகவும் அமைகின்றன. இதிலும் ஒரு சிக்கல் உண்டு: விறகு, சக்கை, சருகு ஆகியவற்றின் புகையில் உள்ள கரிமச் சேர்மங்களில் ஒரு பகுதி நீல ஒளியையும் புற ஊதாக் கதிரையும் உறிஞ்சுகிறது. பழுப்பு நிறம் கொண்ட அந்தப் பகுதியைப் பழுப்புக் கார்பன் என்கிறார்கள். ஆக, ஒரே அடுப்பு ஒரே மணி நேரத்தில் சூடாக்கும் துகளையும் குளிர்விக்கும் துகளையும் இரண்டுக்கும் இடைப்பட்ட துகளையும் சேர்த்தே வெளிவிடுகிறது. (கண்ணெரிச்சலும் இருமலும் மூன்றாலும் வருபவைதான்; நுரையீரலைப் பொறுத்தவரை குளிர்விக்கும் புகை என்று ஒன்று நல்லதாக இல்லை.)

இதை அளப்பதற்கு இத்துறையில் மிகப் பரவலாகப் பயன்படும் கருவி ஈத்தலோமீட்டர். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் டிஹோமிர் நோவகோவும் அவருடைய குழுவினரும் உருவாக்கி, 1984-இல் கட்டுரையாக வெளியிட்ட கருவி இது. அதன் கொள்கை எளிமையானது. ஒரு பம்பு காற்றை இழுத்து, குவார்ட்ஸ் இழையாலான வெள்ளை நாடா ஒன்றின் வழியே செலுத்துகிறது. துகள்கள் நாடாவில் ஒரு வட்டமாகப் படிகின்றன. வட்டத்தின் வழியே செல்லும் ஒளி எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைப் பக்கத்தில் உள்ள வெறும் நாடாவோடு ஒப்பிட்டுக் கருவி சொல்கிறது. வட்டம் மிகவும் கறுத்துவிட்டால் நாடா தானாக நகர்ந்து புதிய இடம் வருகிறது. பயன்படுத்திய நாடாவைப் பிரித்து மேசைமேல் நீட்டிப் பார்த்தால், ஊரின் காற்று வரிசை வரிசையான பொட்டுகளாகத் தெரியும். சில பொட்டுகள் சுத்தமான சாம்பல் கலந்த கறுப்பு. சிலவற்றின் ஓரத்தில் தேயிலைக் கறைபோல ஒரு பழுப்புச் சாயல் இருக்கும். அவை பெரும்பாலும் விறகும் குப்பையும் எரிந்த நேரத்துப் பொட்டுகள்.

கண்ணால் பார்க்கும் அந்தச் சாயலைத்தான் கருவி எண்ணாக மாற்றுகிறது. இப்போதைய ஈத்தலோமீட்டர்கள் 370 நானோமீட்டர் முதல் 950 நானோமீட்டர் வரை 7 அலைநீளங்களில் அளக்கின்றன. கரித்துகளின் அளவைச் சொல்வதற்கு 880 நானோமீட்டரை எடுத்துக்கொள்கிறார்கள். ஏனென்றால் அகச்சிவப்பை ஒட்டிய அந்த இடத்தில் கரித்துகளைத் தவிர மற்றவை பெரிதாக உறிஞ்சுவதில்லை. அலைநீளம் குறையக் குறைய உறிஞ்சுதல் எவ்வளவு வேகமாகக் கூடுகிறது என்பது புகையின் பிறப்பிடத்தைக் காட்டுகிறது. டீசல் புகையில் அது ஏறத்தாழ அலைநீளத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் கூடும், அதாவது அடுக்குக்குறி 1. விறகுப் புகையில் அடுக்குக்குறி 2-க்கு அருகில் போகும். எனினும் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். கருவி அளப்பது கறுப்பை, எடையை அல்ல. கறுப்பை எடையாக மாற்றுவதற்கு ஒரு கிராம் எவ்வளவு ஒளியை விழுங்கும் என்ற ஓர் எண்ணைக் கருவிக்குள் முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். நாடாவின் இழைகளுக்குள் ஒளி பலமுறை சிதறுவதாலும், ஏற்கெனவே படிந்த கறுப்பு புதிதாகப் படிவதை மறைப்பதாலும் அந்த எண்ணுக்குத் திருத்தங்கள் வேண்டியிருக்கின்றன. ‘இத்தனை மைக்ரோகிராம் கரித்துகள்’ என்று செய்தியில் வரும் ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் இந்த மாற்றக் கணக்கு இருக்கிறது.

வேலூரின் நில அமைப்பு இந்த ஆய்வுக்கு ஒரு தனிச் சுவை தருகிறது. கோட்டைக்குக் கிழக்கே மொட்டைப் பாறைக் குன்றுகள், வடக்கே பாலாற்றைத் தாண்டிக் காட்பாடிப் பக்கத்து மலைகள், தெற்கே ஜவ்வாது மலைத்தொடர் என்று நகரம் குன்றுகளுக்கு இடையில் கிடக்கிறது. மார்கழி, தை மாதங்களின் தெளிந்த இரவுகளில் தரை வேகமாகக் குளிர்ந்து, கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றுமாக அடுக்கு தலைகீழாகிவிடுகிறது. கீழே வெளிவிட்ட புகை மேலே ஏற வழியின்றித் தங்குகிறது. நாள் முழுதும் அளந்தால் கிடைக்கும் வரைபடம் இந்தியாவின் பல ஊர்களிலும் ஒரே வடிவத்தில் இருக்கும்: காலை 7 மணியிலிருந்து 9 மணி வரை ஓர் உச்சம், பிற்பகலில் பள்ளம், மாலை 7 மணிக்குப் பிறகு மீண்டும் ஏற்றம். காலை உச்சத்துக்குப் பள்ளிப் பேருந்துகளையும் அடுப்புகளையும் மட்டும் குறை சொல்ல முடியாது. வெயில் ஏறித் தலைகீழ் அடுக்கு உடையும்போது, இரவில் மேலே தங்கிவிட்ட முந்தின மாலையின் துகள்களும் கலந்து கீழே இறங்குகின்றன. பிற்பகலில் பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகள் குறைந்துவிடுவதில்லை. தரை கொதித்துக் காற்று ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் உயரம் வரை கலங்குவதால் அதே புகை பெரிய கொள்ளளவில் பரவிவிடுகிறது. ஆகவே, செறிவு குறைந்தது என்றவுடன் வெளியீடு குறைந்தது என்று எடுத்துக்கொள்வது தவறு. ஒரே இடத்தில் ஒரு வேளை மட்டும் அளந்துவிட்டு ஊரைப் பற்றி முடிவு சொல்லும் அறிக்கைகள்மேல் எனக்கு நம்பிக்கை குறைவு.

பருவத்துக்குப் பருவம் காற்றின் திசையும் மாறுகிறது. ஆனி, ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் காற்று அரபிக்கடலின் மேல் வந்ததாகையால் ஒப்பளவில் தூய்மையானது. மழையும் துகள்களைக் கழுவி இறக்குகிறது. பனிக்காலத்தில் வடகிழக்கிலிருந்து வரும் காற்று, கங்கைச் சமவெளியின் புகையை வங்காள விரிகுடாவின் மேல் சுமந்து வந்து நம் புகையோடு சேர்த்துவிடுகிறது. தெற்காசியப் புகை கடல்மேல் எவ்வளவு தூரம் போகிறது என்பதை உலகுக்குக் காட்டியது 1999-இன் தொடக்க மாதங்களில் நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வு. அதைத் தலைமையேற்று நடத்திய இருவரில் ஒருவர், சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன். மற்றவர் நோபல் பரிசு பெற்ற பால் கிருட்சன். மாலத்தீவின் காஷிதூ தீவில் ஆய்வகம் அமைத்தும் விமானங்கள், கப்பல்கள், செயற்கைக்கோள்கள் மூலமும் அவர்கள் கண்டது, கடலின் மேல் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உயரம் வரை கிடந்த ஒரு பழுப்புப் புகைமண்டலம். அந்தத் துகள்கள் மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 10 சதவிகிதத்தை விழுங்கின. ஆளரவமற்ற கடற்காற்றுக்கு அது மிக அதிகம். வளிமண்டலத்தின் உச்சியில் ஏற்படும் மாற்றத்தைப் போல மூன்று மடங்கு, கடற்பரப்பில் ஒளி குறைந்திருந்தது. குறைந்த ஒளி எங்கும் போய்விடவில்லை. இடையிலுள்ள காற்றைச் சூடாக்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கரியில் எவ்வளவு அடுப்புப் புகை, எவ்வளவு டீசல், நிலக்கரிப் புகை என்ற கேள்விக்கு 2009-இல் வந்த விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. மரமும் பயிரும் அண்மையில் காற்றிலிருந்து எடுத்த கார்பனில் கதிரியக்கக் கார்பன்-14 இருக்கும். பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த எண்ணெயிலும் நிலக்கரியிலும் அது முற்றிலும் சிதைந்துபோயிருக்கும். மாலத்தீவிலும் புனேவுக்கு அருகிலுள்ள சிங்ககட் மலையிலும் சேகரித்த துகள்களில் கார்பன்-14-ஐ அளந்த ஓர்யான் குஸ்டாஃப்சனின் குழு, கரியில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, சாணம், பயிர்க்கழிவு போன்றவை எரிந்ததால் வந்தது என்று காட்டியது. யார்மேலும் பழி போடாமல், அனுமானமும் இல்லாமல், துகளையே கேட்டுப் பெற்ற விடை அது.

நமக்கு மிக அருகில் இந்த வேலையைத் தொடர்ந்து செய்துவரும் இடம் கடங்கி. சித்தூரிலிருந்து திருப்பதி செல்லும் சாலையில், 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவாகும் வரை வட ஆற்காட்டுக்குள் இருந்த நிலத்தில், தேசிய வளிமண்டல ஆய்வகம் அமைந்திருக்கிறது. திருவனந்தபுரத்தின் விண்வெளி இயற்பியல் ஆய்வகம் ஒருங்கிணைக்கும் நாடளாவிய காற்றுத்துகள் அளவீட்டு வலையமைப்பும் உண்டு. 2007 முதல் 2016 வரையிலான அதன் அளவீடுகள், இந்தியாவில் தரையருகே கரித்துகளின் செறிவு மொத்தத்தில் குறைந்துவருவதைக் காட்டின. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் விண்மீன்களின் ஒளியை அளப்பவர்கள், காற்று எவ்வளவு ஒளியைத் தின்றது என்று கணக்கிட்டுக் கழித்துவிடுவார்கள். அவர்கள் கழிக்கும் அந்தப் பகுதியில்தான் எங்கள் ஆய்வு முழுவதும் அடங்கியிருக்கிறது.

பருவநிலைக் கணக்குக்கு வருவோம். 2013-இல் டாமி பாண்ட் தலைமையில் 31 ஆய்வாளர்கள் சேர்ந்து வெளியிட்ட பெரிய மதிப்பீடு, தொழிற்புரட்சிக்குப் பிறகு கரித்துகள் மட்டும் பூமியின் வெப்பக்கணக்கில் சதுர மீட்டருக்கு 1.1 வாட் கூட்டியிருக்கிறது என்றது. இது உண்மையானால் கார்பன் டை ஆக்சைடுக்கு அடுத்த இடம் கரித்துகளுக்கே. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு பலர் ‘கரியை நிறுத்துங்கள், பூமி உடனே குளிரும்’ என்று பேசினார்கள். ஆனால் அதே ஆய்வில் ஐயத்தின் எல்லை 0.17 முதல் 2.1 வரை என்று எழுதியிருந்தது. அதைவிட முக்கியமாக, கரி மிகுதியாக வெளிவிடும் எல்லா மூலங்களிலிருந்தும் கூடவே வந்து குளிர்விக்கும் சல்பேட்டையும் கரிமத் துகள்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது விடை ஏறத்தாழ சுழியமாக, சதுர மீட்டருக்கு -0.06 வாட்டாக, இறங்கியது. 2021-இல் வெளிவந்த, பருவநிலை மாற்றம் பற்றிய ஐ.நா.வின் அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் ஆறாவது மதிப்பீட்டறிக்கை கரித்துகளின் தனிப் பங்கையும் வெகுவாகக் குறைத்தது. சூடான காற்றடுக்கு மேகங்களையும் வெப்பநிலைப் படிநிலையையும் விரைவாக மாற்றி, முதலில் உறிஞ்சிய வெப்பத்தில் ஒரு பகுதியைத் தானே ஈடுசெய்துகொள்கிறது என்பது அதற்கு ஒரு காரணம். ஒப்பிடுவதற்கு, கார்பன் டை ஆக்சைடின் பங்கு அதே அறிக்கையில் சதுர மீட்டருக்கு 2.16 வாட், அதன் ஐயம் மிகக் குறைவு. கரித்துகளைக் குறைப்பதைக் காட்டிக் கார்பன் டை ஆக்சைடைக் குறைப்பதைத் தள்ளிப்போடலாம் என்று வாதிடுபவர்களுக்கு இந்த எண்களில் இடமே இல்லை.

துகள் முதுமையடையும்போது என்ன ஆகிறது என்பதும் தீராத கேள்வி. பிறந்த ஓரிரு நாட்களில் கரிச்சங்கிலியின்மேல் சல்பேட்டும் கரிமச் சேர்மங்களும் படிந்து, சங்கிலி சுருங்கி உருண்டையாகிறது. மேலுறை ஒளியைக் குவித்து உள்ளே அனுப்புவதால் அதே கரி கூடுதலாக உறிஞ்ச வேண்டும். கோட்பாட்டுக் கணக்குகள் இதை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு என்று வைத்திருந்தன. 2012-இல் கலிஃபோர்னியாவில் காற்றிலேயே நேரடியாக அளந்தவர்கள், கூடுதல் சராசரியாக 6 சதவிகிதம்தான் என்றார்கள். பின்னர் பிரிட்டனில் விறகுப் புகை மிகுந்த காற்றில் அளந்தவர்களுக்குக் கூடுதல் அதிகமாகவே கிடைத்தது. இரண்டும் சரியாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன்: டீசல் கரி மெல்லிய உறையோடும், விறகுக் கரி தடித்த உறையோடும் இருக்கும்போது விடைகள் வேறுபடத்தானே செய்யும்? நம்மூர்க் காற்றில் டீசல், விறகு, சக்கை, குப்பை எல்லாம் கலந்திருப்பதால், வெளிநாட்டில் அளந்த எண்ணை அப்படியே இங்கே எடுத்தாள்வதில் எனக்கு உடன்பாடில்லை. மேலுறைக்கு இன்னொரு விளைவும் உண்டு: எண்ணெய்த்தன்மையோடு நீரை ஒட்டவிடாத கரி, உறை படிந்தபின் நீரை ஏற்கிறது, மழையோடு இறங்குகிறது. வாழ்நாளை முடிவுசெய்வதும் கூட வந்த பொருள்தான்.

மழையைப் பற்றி மிகுந்த கவனத்தோடு பேச வேண்டும். தரையில் ஒளி குறைந்தால் கடலிலிருந்து ஆவியாதல் குறைகிறது. வட இந்தியப் பெருங்கடலின் வெப்பம் தெற்குப் பகுதியோடு ஒப்பிடக் குறைந்து, பருவக்காற்றை இழுக்கும் வெப்ப வேறுபாடு தளர்கிறது என்று ராமநாதன் குழு 2005-இல் எழுதியது. இமயமலைச் சரிவுகளின் மேல் சூடான காற்று எழும்பிப் பருவமழையை முன்கூட்டியே இழுக்கும் என்று வில்லியம் லாவின் குழு அடுத்த ஆண்டே வேறொரு வழியைச் சொன்னது. அதன்மேல் விவாதம் இன்னும் ஓயவில்லை. வேலூருக்குத் தென்மேற்குப் பருவத்தின் மாலை இடிமழையும் வேண்டும், ஐப்பசி, கார்த்திகை மழையும் வேண்டும். பாலாறு பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் ஊரில், ‘புகையால் மழை பொய்த்தது’ என்ற சொல் எளிதில் எடுபடும். ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆண்டின் மழைக்குறைவைக் கரித்துகளின் தலையில் கட்டுவதற்கு இன்றைய அறிவியல் இடம் கொடுக்கவில்லை.

எரிப்பவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தால் முன்னுரிமை வேறாகத் தெரிகிறது. பழைய டீசல் எஞ்சின்களின் புகையில் கரி மிகுதி, குளிர்விக்கும் கரிமத் துகள் குறைவு. ஆகவே அதைக் குறைப்பதில் பருவநிலைக்கும் நுரையீரலுக்கும் ஐயமில்லாத நன்மை உண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 வாகனப் புகை விதிகள் வந்ததால் புதிய டீசல் வண்டிகளில் துகள் வடிகட்டி பரவலாக வந்திருக்கிறது. ஆனால் பழைய லாரிகளும் ஜெனரேட்டர்களும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. மின்வெட்டு மிகுந்திருந்த ஆண்டுகளில் ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிற்சாலைகளிலும் நகரத்துக் கடைத்தெருக்களிலும் ஜெனரேட்டர்கள் எப்படி இரைந்தன என்பது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கும். மின்சாரம் தடையின்றி வருவதும் ஒரு கரித்துகள் குறைப்புத் திட்டமே. வேலிகாத்தான் மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்கும்போது எழுவது பெரும்பாலும் வெண்புகை. அதே கரி பிரியாணி அண்டாவின் மூடிமேல் தணலாகக் கனலும்போது புகையே அநேகமாக இல்லை. போகியன்று டயரையும் பிளாஸ்டிக்கையும் எரிப்பதில் எழுவதோ முழுக் கரும்புகை. நச்சுப் பொருள்களும் உடன்வரும். அதற்கு எந்தக் கோணத்திலும் நியாயம் கிடையாது. வீட்டு விறகடுப்பைப் பொறுத்தவரை பருவநிலைக் கணக்கு என்ன சொன்னாலும் என் நிலைப்பாடு ஒன்றுதான்: அடுப்பின் முன் உட்காரும் பெண்களின் மூச்சுக்காக அது மாற வேண்டும். 2016 மே மாதம் தொடங்கிய உஜ்வலா திட்டம் சமையல் எரிவாயு இணைப்பைக் கொண்டுவந்தது. அடுத்த சிலிண்டரின் விலை கைக்கு எட்டினால்தான் அடுப்பு உண்மையில் மாறும்.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். 2009-இல் வந்த தேசியக் காற்றுத்தர அளவுகோல்கள் 12 மாசுப் பொருள்களுக்கு வரம்பு வைக்கின்றன, 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகளுக்கு ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். அந்த எடையில் மண்தூசியும் கடலுப்பும் சல்பேட்டும் கரியும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. கரித்துகளுக்குத் தனி வரம்பு இல்லை; ஆகவே மாவட்டங்களில் அதை அளக்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. கல்குவாரித் தூசி நிறைந்த ஒரு நாளும் டயர் எரிந்த ஒரு நாளும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும் என்றால், அந்த எண்ணை வைத்து எதைத் திருத்துவது?

எங்கள் அடுத்த வேலை வெல்ல ஆலைகளில். வரும் கரும்புப் பருவத்தில் ஆலைக்குக் காற்று வரும் பக்கம் ஒன்றும் காற்று போகும் பக்கம் ஒன்றுமாகக் குவார்ட்ஸ் வடிதாள்களை வைத்து, காய்ந்த சக்கை எரியும்போதும் ஈரச்சக்கை எரியும்போதும் தனித்தனியாகத் துகள் சேகரிக்கப் போகிறோம். தாளின் ஒரு சிறு துண்டை முதலில் ஹீலியத்தில் படிப்படியாகச் சூடாக்கினால் கரிமச் சேர்மங்கள் ஆவியாகி வெளியேறும். பிறகு ஆக்சிஜனைச் சேர்த்துச் சூடாக்கினால் எஞ்சிய கரி எரியும். இரண்டிலும் வரும் கார்பனை அளந்து, ஒரு லேசர் ஒளியால் இடையில் கருகியதைத் திருத்தினால், கரிக்கும் கரிமச் சேர்மத்துக்கும் உள்ள விகிதம் கிடைக்கும். சக்கை அடுப்பு பருவநிலைக் கணக்கில் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அந்த விகிதம்தான் சொல்ல வேண்டும். அணைக்கட்டு, குடியாத்தம், பள்ளிகொண்டா வட்டாரங்களில் ஆலை வைத்திருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், அடுப்பிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு மேசை போடும் அளவுக்கு இடமும், சக்கையை எப்போது காயவைத்தார்கள் என்ற குறிப்பும் கொடுத்தால் போதும். கருவிக்கான மின்சாரத்துக்கு பேட்டரி நாங்களே கொண்டுவருகிறோம்; முடிவுகளை ஆலைக்காரரிடம் முதலில் காட்டிவிட்டுத்தான் வேறெங்கும் வெளியிடுவோம்.